சவக்கடலில் மிதத்தல்

மறைநூலைப் பயின்றோர்க்கு உப்புக்கடல் என்னும் பெயர் புதியதன்று. ஆதியாகமத்தில் அரசர்கள் போர்புரிந்த சித்தீம் பள்ளத்தாக்கு அக்கடலைச் சார்த்தியே கூறப்படுகின்றது. எண்ணாகமத்தில் கானான் தேசத்தின் தென்னெல்லை அதன் முனையினின்று தொடங்குகின்றது. சவுலுக்கு அஞ்சித் தாவீது ஒளிந்திருந்த என்கேதி அதன் மேல்கரையில் உள்ளது. பிற்காலத்தார் அதற்குச் சவக்கடல் எனப் பெயரிட்டனர். மீன் முதலியன அதில் வாழாமையே அப்பெயர்க்குக் காரணம். எனினும் கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் அந்நீரிலும் வாழ்கின்றன என்பதைப் பெஞ்சமின் எலசாரி வொல்கானி என்பார் 1936ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆகவே அப்பெயரும் முற்றும் பொருந்துவதன்று.

அக்கடலைப்பற்றி யாவரும் அறிந்த செய்தி ஒன்றுண்டு. அதில் இறங்கியவன் மூழ்கமாட்டான் என்பதே அது. நீரின்மேல் சாய்ந்தவண்ணம் செய்தித்தாள் வாசிக்கும் ஒருவனுடைய படத்தைக் காணாதார் அரியர். மூழ்கவொட்டாத நீரில் மரணம் ஏது என்று எண்ணுவதும் இயல்பே. ஆயினும் அந்நீரில் உயிரிழந்தோரும், குற்றுயிராய்க் கரைசேர்க்கப்பட்டு மருத்துவசாலைக்குக் கொண்டுபோகப்பட்டோரும் பலர் உளர். அவருள் நீந்த வல்லவரும் உண்டு. இடுப்பளவு நீருக்குமேல் செல்லாதவரும் உண்டு.

நம் நாட்டினின்று எருசலேமுக்கு யாத்திரை செல்லும் கிறிஸ்தவர் பலர் தம் பயணத்தின் ஒரு பகுதியாக இக்கடலையும் கண்டு, அதில் இறங்கி வருகின்றனர். அவருட் பலர் முதியோர்; பலர் வாழ்நாளில் நீந்திப் பழகாதவர். நம் கல்லூரியின் பழைய மாணவரும் ஆசிரியரும் அங்குச் செல்ல நேரும். ஆதலின், அந்நீர் நம்மை ஏன் தாங்குகின்றது, தாங்கும் அந்நீரே எவ்வாறு உயிர்க்கு இடராகின்றது, அதில் இறங்கி நலமே திரும்புதற்கு உரிய முறை யாது என்னும் மூன்றையும் ஈண்டுச் சுருங்கக் கூற முன்வந்தோம்.

இடமும் நீரும்

யோர்தான் ஆறு கலிலேயாக் கடலினின்று தெற்கு நோக்கி ஓடிவந்து இக்கடலிற் கலக்கின்றது. மேற்கே யூதேயா மலைகளும் கிழக்கே மோவாப் மலைகளும் இதனைச் சூழ்ந்துள்ளன. கடல் என வழங்கினும் இஃது ஓர் ஏரியே. இதன் நீர்மட்டம் பெருங்கடல் மட்டத்திற்கு 430 மீட்டருக்கு மேல், அஃதாவது 1,400 அடிக்கு மேல், தாழ்ந்துள்ளது. உலகின் நிலப்பரப்பில் இதன் கரையினும் தாழ்ந்த இடம் வேறில்லை. எருசலேம் நகரமோ கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. எனவே அந்நகரினின்று இக்கரைக்கு வருவோன் ஒரு மணி நேரப் பயணத்தில் 1,100 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிவிடுகின்றான். நல்ல சமாரியனைப்பற்றிய உவமையில் எரிகோவுக்குச் சென்ற மனிதன் இறங்கிப் போனதாகச் சொல்லப்படுவது வெறும் சொல்வழக்கன்று. அந்நாட்டு நில அமைப்பே அது.

இவ்வளவு ஆழ்ந்த பள்ளத்தில் வந்து சேர்ந்த நீர் வெளியேற வழியில்லை. வெயிலால் ஆவியாகி மேலே செல்வது ஒன்றே அதற்குள்ள போக்கு. நீர் ஆவியாகிச் செல்ல, அது கொணர்ந்த உப்புக்கள் மட்டும் தங்கிவிடுகின்றன. உப்பளத்துப் பாத்தியில் சில வாரங்களில் நிகழ்வது இப்பள்ளத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக நிகழ்ந்து வருகின்றது. பெருங்கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். சவக்கடல் நீரிலோ அதனைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு உப்புண்டு.

அந்த உப்பும் நாம் உணவிற் சேர்க்கும் உப்பன்று என்பதை மனத்திற்கொள்ளல் வேண்டும். சோற்றுப்பாகிய சோடியம் குளோரைடு அதில் மூன்றில் ஒரு பங்களவே உள்ளது. ஏறத்தாழ பாதி மக்னீசியம் குளோரைடு. எஞ்சியது பெரும்பாலும் கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் குளோரைடுகள். இதனாலேயே அந்நீர் கரிப்பதோடு கடுமையாகக் கைக்கவும் செய்கின்றது. கையில் எடுத்தால் எண்ணெய் தடவியதுபோல வழுவழுக்கின்றது. இவ்வேறுபாடு பின்னர்க் கூறப்போகும் அபாயத்திற்கு மூலமாதலின் இங்கே எடுத்துரைத்தோம்.

மிதப்பதன் காரணம்

நீரிற் கிடக்கும் பொருள் தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான விசையால் மேல்நோக்கித் தாங்கப்படும் என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. பள்ளி மாணவரும் இதனை அறிவர். அவ்விதியை இங்கே ஒரு கணக்கால் விளக்குவோம்.

62 கிலோ எடையுள்ள ஒருவர் உளர் எனக் கொள்வோம். மனித உடலின் அடர்த்தி நன்னீரின் அடர்த்தியை மிகவும் ஒட்டியது. நன்னீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ எடையுள்ளது. ஆகவே அவர் ஆற்றில் மிதக்கவேண்டுமாயின் 62 லிட்டர் நீரை விலக்கவேண்டும்; அவருடைய உடலின் பருமனும் ஏறத்தாழ அவ்வளவே. உடல் முழுவதும் நீருள் அமிழ்ந்த பின்னரே அவர் எடை தாங்கப்படுகின்றது. ஆதலின் பழகாதவர் மூக்கும் அமிழ்ந்துபோகின்றது.

சவக்கடல் நீர் ஒரு லிட்டர் ஏறத்தாழ 1.24 கிலோ எடையுள்ளது. அங்கே அதே மனிதர் 50 லிட்டர் நீரை விலக்கினாற் போதும்; அந்த 50 லிட்டரின் எடையே 62 கிலோவாகின்றது. ஆகவே அவர் உடலில் ஏறத்தாழ 12 லிட்டர் பருமனுள்ள பகுதி, அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு, எம்முயற்சியுமின்றி நீருக்குமேல் நிற்கின்றது. மல்லாந்து கிடந்தால் முகம், மார்பு, முழங்கால், கால்விரல் ஆகியன வெளியே தோன்றும். படத்தில் நாம் காணும் மனிதன் இந்நிலையில் உள்ளவனே.

இக்கணக்கில் ஒன்று கவனிக்கத்தக்கது. 12 லிட்டர் அளவு நீருக்குமேல் நிற்கும் என்பது மட்டுமே விதி; அந்த 12 லிட்டர் உடலின் எப்பகுதியாக இருக்கும் என்பதை விதி கூறவில்லை. அவர் குப்புறக் கிடந்தாலும் அதே அளவுதான் வெளியே நிற்கும். ஆனால் அப்போது வெளியே நிற்பவை முதுகும் இடுப்பும் குதிகால்களும் ஆகும். மூக்கும் வாயும் நீருக்குள் இருக்கும். நீர் இரு நிலையிலும் அவரைச் சமமாகவே தாங்குகின்றது. ஒரு நிலையில் அவர் உயிர்வாழ்கின்றார்; மற்றொன்றில் உயிர்துறக்கின்றார்.

பழைய நூலாசிரியர் இருவர் இக்கடலின் தாங்கும் ஆற்றலைக் குறித்துள்ளனர். மனிதனையோ விலங்கையோ கட்டி எறிந்தாலும் மூழ்காத ஏரி ஒன்று பாலஸ்தீன நாட்டில் உளதாகச் சொல்லப்படுவதை அரிஸ்டாட்டில் தம் வானிலை நூலில் எடுத்துக்காட்டினார். உரோமப் படைத்தலைவனாய் வந்து பின்னர்ப் பேரரசனான வெஸ்பாசியன், நீந்தத் தெரியாத சிலரைக் கைகளைப் பின்புறம் கட்டி ஆழத்தில் எறியச் செய்தான் என்றும், அவர்கள் அனைவரும் மிதந்தனர் என்றும் யூத சரித்திர ஆசிரியராகிய ஜோசீபஸ் எழுதியுள்ளார். அவ்வரசன் சோதிக்க விரும்பியது உடல் மூழ்குமா என்பதொன்றே. இன்று அங்குச் செல்லும் யாத்திரிகரும் அக்கேள்வி ஒன்றையே கேட்கின்றனர். உடல் மூழ்குமா என்பதன்று கேட்கவேண்டிய கேள்வி. முகம் எப்புறம் இருக்கும் என்பதே.

நீந்த வல்லவர்க்கும் நேரும் இடர்

ஆற்றிலும் கிணற்றிலும் நீந்திப் பழகியவர் இந்நீரில் தம் பழக்கத்தை நம்பலாகாது. நீந்துவோன் குப்புறக் கிடந்து கால்களால் நீரை உதைத்துக் கைகளால் வலிக்கின்றான். இங்கே கால்கள் நீருள் நில்லாமல் மேலே எழுந்துவிடுகின்றன. உதைப்பவை காற்றையே உதைக்கின்றன. இடுப்பும் காலும் எழ எழ, தலையின் பக்கம் தாழ்கின்றது. முகத்தைத் தூக்கும்பொருட்டுக் கழுத்தை வளைத்தால் முதுகு களைத்துவிடும். எழுந்து நிற்கலாமென்று கால்களைக் கீழே ஊன்ற முயன்றால் அவை தரையை எட்டாமல் மீண்டும் பின்னால் மேலெழும்பும். நீர் மார்பளவே இருப்பினும் இந்நிலை நேரக்கூடும். உடல் வலியற்ற முதியோரும், நீரைக் கண்டு அஞ்சுவோரும் இவ்வாறு கவிழ்ந்தபின் தாமாகத் திரும்ப இயலாமல் திகைக்கின்றனர்.

அவர் திகைக்கும்போது செய்வது யாது? வாயைத் திறந்து மூச்சிழுக்கின்றார், அல்லது கூவுகின்றார். அப்போது அந்நீர் உட்புகுகின்றது. பிற நீரில் ஓரிரண்டு மிடறு உட்செல்வது பெரிதன்று. இங்கே அது தனி அபாயமாகும்.

நுரையீரலிற் புகுந்த இந்நீர் அதன் மெல்லிய சவ்வை எரித்துப் புண்ணாக்குகின்றது; தன் உப்பின் மிகுதியால் இரத்தத்திலுள்ள நீரையும் நுரையீரலுக்குள் இழுக்கின்றது. வயிற்றிற் சென்ற நீரினின்று மக்னீசியமும் கால்சியமும் இரத்தத்திற் கலக்கின்றன. இவ்விரண்டும் அளவோடு இருக்கும்வரை உடலுக்கு வேண்டியவையே, அளவு மிகுந்தால் தசைகள் தளரும், உணர்வு மங்கும், இருதயத்தின் துடிப்பு ஒழுங்கு தவறும். கரைசேர்ந்தவர் அப்போது நலமாய்த் தோன்றினும் சில மணி நேரத்திற்குப்பின் நிலைமை மாறக்கூடும். ஆதலின் இந்நீரை ஓரளவு விழுங்கியவரையும், நீர் மூச்சிற் புகுந்து இருமுகின்றவரையும், அவர் தமக்கு ஒன்றுமில்லை என்று சொல்லினும், தாமதமின்றி மருத்துவசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்தத்தைச் சோதித்து, இருதயத் துடிப்பைக் கவனித்து, மிகுந்த உப்பை வெளியேற்றும் சிகிச்சை மருத்துவர்க்கே இயலும். வாந்தி செய்வித்தலும், கைம்மருந்து கொடுத்து விடுதியிற் படுக்கவைத்தலும் கூடா.

புறப்படுமுன் செய்யத்தக்கன

இருதய நோய், இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், வலிப்பு ஆகியன உடையோரும், கருவுற்ற பெண்டிரும் தம் மருத்துவரைக் கலந்தே நீரில் இறங்குவதா என்பதை முடிவு செய்தல் வேண்டும். இறங்காமல் கரையில் நின்று காண்பதும் யாத்திரையே. அதனால் எவர்க்கும் ஒரு குறைவுமில்லை.

உடம்பிற் புண்ணோ கீறலோ இருப்பின் அந்நீர் தீயெனச் சுடும். ஆகவே முன்னாளும் அந்நாளும் சவரம் செய்துகொள்ளல் ஆகாது. கண்ணிற் பொருத்தும் வில்லைகளைக் கழற்றிவிட வேண்டும். வெள்ளி நகைகள் கறுத்துப்போகும். அவற்றையும் கழற்றி வைப்பதே நன்று. நீரின் அடியில் உப்புக் கட்டிகள் கூரிய பளிங்குகளாய்ப் படிந்துள்ளன. ஆதலின் காலோடு இறுகப் பிணைக்கும் வாருள்ள செருப்பு வேண்டும். நம் நாட்டுப் பெண்டிர் சேலையுடனும் ஆடவர் வேட்டியுடனும் நீரில் இறங்கும் வழக்கம் உடையர். நனைந்த நீண்ட ஆடை கால்களைச் சுற்றிக்கொள்ளும். கவிழ்ந்தவர் திரும்புதற்குப் பெருந்தடையாகும். உடலோடு பொருந்திய குளியலுடையையோ, முழங்காலளவு பருத்தி உடையையோ அணிதல் நலம்.

கோடையில் அப்பள்ளத்தின் வெப்பம் 40 பாகையைத் தொடுவதும் கடப்பதும் உண்டு. காற்று வறண்டிருத்தலால் வியர்வை தோன்றியதும் உலர்ந்துவிடும். உடல் நீரை இழப்பதே தெரியாது. நீரில் இறங்குமுன்னும் கரையேறிய பின்னும் நன்னீர் நிரம்பப் பருக வேண்டும். காலை வேளையே தக்கது. நண்பகலையும், காற்று எழும் பொழுதையும் விலக்குதல் வேண்டும். குடிப்பதற்கன்றி வேறாக, ஒவ்வொரு சிறு குழுவுக்கும் ஒரு குடுவை நன்னீர் கரையில் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். அதன் பயனைப் பின்னர்க் கூறுவோம்.

நீரில் இறங்கும் முறை

முதலாவது, காவலர் உள்ள குளிக்குந்துறையில் மட்டுமே இறங்க வேண்டும். ஆளற்ற கரை எவ்வளவு அழகாயிருப்பினும் அங்கே இறங்கலாகாது. காவலர் இல்லாத நேரத்திலும், இருட்டிய பின்னும், காற்று மிகுந்து அலை எழும்போதும் இறங்கலாகாது. காற்றடைத்த மெத்தைகளைக் கொண்டுசெல்வதும் தவறு. காற்று அவற்றை நடுக்கடலுக்கு அடித்துக்கொண்டு போகும்.

இரண்டாவது, இருவர் இருவராகச் செல்ல வேண்டும். ஒருவர் மிதக்க, மற்றவர் அருகே நின்று காத்தல் நலம். பலர் கைகோத்து வரிசையாக மிதத்தல் வேடிக்கையாகத் தோன்றும்; ஒருவர் பதறினால் அனைவரையும் கவிழ்த்துவிடுவார்.

மூன்றாவது, மெல்ல நடந்து, முழங்காலுக்கு மேல் நீர் வந்ததும் நிற்க வேண்டும். கரையை நோக்கித் திரும்பி, நாற்காலியில் அமர்வதுபோலப் பின்புறமாக மெல்ல அமர வேண்டும். நீரே இருக்கையாகும், கால்கள் தாமே மேலெழும். அப்போது தலையைப் பின்னே சாய்த்து, கைகளைப் பக்கங்களில் விரித்து, உடலைத் தளர்த்திக் கிடத்தல் வேண்டும். குதித்தலும், பாய்தலும், குப்புற நீந்துதலும், நீரை வாரி இறைத்து விளையாடுதலும் அறவே விலக்கத்தக்கன. வேறு நீரிற் சிறுவர்க்கு விளையாட்டாகும் அச்செயல் இங்கே பிறர் கண்ணில் நஞ்சு வார்ப்பதற்கு ஒப்பாகும்.

நான்காவது, இடம் பெயர வேண்டின் மல்லாந்தபடியே கைகளைத் துடுப்பெனக் கொண்டு மெல்ல வலித்தல் போதும். ஆழம் நோக்கிச் செல்லல் ஆகாது. உப்புநீர் கண்ணிற் பட்டால் ஈரக்கையால் துடைத்தல் கூடாது. அக்கையிலும் உப்பே உள்ளது. கண்களை மூடி, துணைவரின் கைபற்றிக் கரையேற வேண்டும். கரையிலுள்ளவர் குடுவை நன்னீரைக் கண்ணில் வார்த்துக் கழுவவேண்டும். மேலே குறித்த பயன் இதுவே.

ஐந்தாவது, எழும் முறை. பலர் இறங்குவதை அறிந்து எழுவதை அறியாமலே இடர்ப்படுகின்றனர். முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்து, இரு கைகளாலும் பக்கங்களில் நீரைக் கீழே அழுத்தி, தலையைச் சற்று முன்னே கொணர்ந்தால் உடல் அமர்ந்த நிலைக்கு வரும். பின்னர்க் குதிகால்களைக் கீழே செலுத்தி ஊன்றி நிற்கலாம். இயலாவிடின் அஞ்ச வேண்டுவதில்லை. முதுகு தரையிற் படும்வரை கைகளால் வலித்துக் கரையை அணுகினால் எளிதில் எழலாம். ஆழத்திற் செல்லுமுன், முழங்காலளவு நீரிலேயே இருமுறை அமர்ந்து எழுந்து பழகுதல் அனைவர்க்கும் இன்றியமையாதது.

ஆறாவது, 15 அல்லது 20 நிமிடத்திற்குமேல் நீரில் இருத்தல் வேண்டா. கரையேறியதும் நன்னீரில் உடலை நன்றாகக் கழுவ வேண்டும். பின்பு நிழலில் அமர்ந்து நீர் பருகுதல் வேண்டும்.

கவிழ்ந்தவர் திரும்பும் முறை

இவ்வளவு கவனத்திற்குப் பின்னும் ஒருவர் குப்புறக் கவிழ்ந்தால், அவர் முதற்கண் வாயை மூடி மூச்சை அடக்க வேண்டும். காலை ஊன்ற முயலாமல், பாயிற் குப்புறக் கிடப்பவன் புரண்டு மல்லாந்து படுப்பதுபோலப் புரள வேண்டும். ஒரு கையை உடலோடு ஒட்டவைத்து, மறுகையால் நீரைப் பக்கவாட்டில் தள்ளி, தலையையும் தோளையும் ஒருபுறமாகத் திருப்பினால் உடல் அவற்றைத் தொடரும். முகம் வானத்தை நோக்கிய பின்னரே மூச்சு விடவேண்டும். அந்நீரின் தாங்கும் ஆற்றல் அதன்பின் அவருக்குத் துணையேயன்றிப் பகையன்று.

அருகிருப்போர், கவிழ்ந்தவர் விளையாடுகின்றார் என்று கருதிச் சும்மா இருத்தல் ஆகாது. ஏனெனில் முகம் நீரில் உள்ளவரால் கூவ இயலாது. கைகளை உயர்த்தவும் இயலாது. அமைதியாகக் குப்புறக் கிடக்கும் ஒருவரைக் கண்டால் உடனே அவரது தோளையும் இடுப்பையும் பற்றிப் புரட்டிவிட வேண்டும். மேலே தூக்க முயல வேண்டுவதில்லை. திருப்பிவிட்டாற் போதும், நீர் அவரைத் தாங்கும். மோவாயை உயர்த்திப் பிடித்தபடி கரைக்கு இழுத்து வந்து காவலரை அழைக்க வேண்டும்.

கரையிலும் பாலையிலும் உள்ள இடர்

நீரைப்பற்றியே இதுகாறும் கூறினோம். அக்கடலின் கரையும் இன்று முற்காலத்துக் கரையன்று. 1930ஆம் ஆண்டையடுத்த காலத்தில் அதன் மட்டம் கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 390 மீட்டர் கீழே இருந்தது. இன்று அதனினும் ஏறத்தாழ 50 மீட்டர் தாழ்ந்துவிட்டது. ஆண்டுதோறும் ஒரு மீட்டருக்கு மேலும் தாழ்ந்து வருகின்றது. யோர்தான் ஆற்றின் நீரையும் அதன் கிளையாறுகளின் நீரையும் இஸ்ரவேல், யோர்தான், சிரியா ஆகிய நாடுகள் பயிர்க்கும் குடிநீர்க்கும் திருப்பிக்கொண்டமை முதற்காரணம். பொட்டாஷ் முதலிய உப்புக்களை எடுக்கும்பொருட்டு இரு கரைகளிலும் தொழிற்சாலைகள் நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி ஆவியாக்குவது மற்றொரு காரணம். கடலின் தென்பகுதி இப்போது அத்தகைய பாத்திகளாகவே உள்ளது. பெற்றுக்கொள்ளும், ஆனால் பிறர்க்குக் கொடாத கடல் என்று இதனைப் பிரசங்கிகள் உவமை காட்டுவர். இக்காலத்தில் அது பெறுவதும் அரிதாயிற்று.

நீர் பின்வாங்கிய இடத்தில் நிலத்தினுள்ளே உப்புப் படலங்கள் புதைந்துள்ளன. மலைப்பக்கத்திலிருந்து நிலத்தடியே வரும் நன்னீர் அவ்வுப்பைக் கரைக்கின்றது. உள்ளே குகைபோல் வெற்றிடம் உண்டாகி, மேல்நிலம் ஒருநாள் முன்னறிவிப்பின்றி உள்ளே சரிகின்றது. 1980ஆம் ஆண்டையடுத்துத் தோன்றத் தொடங்கிய இக்குழிகள் இன்று ஆயிரக்கணக்காக உள்ளன. என்கேதியில் நெடுங்காலம் மக்கள் நீராடிய துறை இதனாலேயே 2015ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆகவே வேலியையும் எச்சரிக்கைப் பலகையையும் கடந்து, கரையோரத்து வெற்றிடங்களிற் படம் எடுக்கச் செல்லுதல் உயிரோடு விளையாடுவதாகும். கால் புதையும் சேறுள்ள இடங்களும் உண்டு. அமைக்கப்பட்ட பாதையிலேயே நடத்தல் வேண்டும்.

வெயிலுக்கு அஞ்சிக் குளிர்காலத்தில் செல்வோர்க்கு வேறோர் இடருண்டு. தொலைவிலுள்ள மலைமேற் பெய்த மழை, வறண்ட ஓடைகளின் வழியே சில நிமிடங்களிற் பெருவெள்ளமாகப் பாயும். தலைக்குமேல் வானம் தெளிந்திருப்பது பாதுகாப்புக்கு அடையாளமன்று. 2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் யோர்தான் நாட்டுக் கரையில் இத்தகைய வெள்ளத்தில் 20 பேருக்கு மேல் மாண்டனர். அவருட் பெரும்பாலார் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகள். மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் இதனை ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும். மழை எச்சரிக்கை உள்ள நாளில் ஓடைப் பள்ளங்களில் இறங்கலாகாது.

பாலையின் கடுமைக்குச் சரித்திரமும் சான்று தருகின்றது. 1835ஆம் ஆண்டில் கிறிஸ்டபர் காஸ்டிகன் என்னும் ஐரிஷ்காரர் கோடைக் காலத்தில் சிறு படகொன்றில் இக்கடலைச் சுற்றிப் பார்த்தார். குடிநீர் தீர்ந்துபோயிற்று, தாகமும் காய்ச்சலும் வருத்த எருசலேமுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே இறந்தார். 1847இல் பிரிட்டிஷ் கடற்படையைச் சேர்ந்த மாலினோ என்பவரும் இக்கடலில் படகு செலுத்தியபின் காய்ச்சலால் மாண்டார். அடுத்த ஆண்டில் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த லிஞ்ச் என்பார் உலோகப் படகுகளும் தக்க துணைவரும் கொண்டு வந்து கடலை அளந்து வெற்றி பெற்றார். ஆயினும் அவர்க்கு அடுத்த தலைவராயிருந்த டேல் என்பவர் காய்ச்சலுக்கு இரையானார். முன்சென்ற இருவரின் பெயர்களையும் லிஞ்ச் அக்கடலின் இரு முனைகளுக்கு இட்டார். இம்மூவருள் ஒருவரும் நீரில் மூழ்கி இறந்தாரல்லர் என்பது நினைக்கத்தக்கது. மூழ்காமை ஒன்றே பாதுகாப்பாகாது.

முடிவுரை

சவக்கடலைப்பற்றிக் கூறிய இவை உவர்மிக்க பிற பாலை ஏரிகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும். அமெரிக்காவில் யூட்டாவிலுள்ள பெரிய உப்பேரியும், ஆப்பிரிக்காவில் ஜிபூத்தியிலுள்ள அஸ்ஸால் ஏரியும் அத்தகையன. உப்பின் அளவும் வகையும் இடந்தோறும் வேறுபடும். மல்லாந்து மிதத்தல், நீரை விழுங்காமை, நன்னீர் கைக்கொள்ளல், துணையின்றி இறங்காமை என்னும் நான்கும் எங்கும் மாறா.

அச்சமூட்டி எவரையும் தடுப்பது எம் நோக்கமன்று. இம்முறைகளை அறிந்து சென்றவர் இறங்கி மிதப்பதில் பெறும் இன்பம் பெரிது. நீந்தத் தெரியாத முதியவரும் தம் உடலின் பாரம் ஒழிந்தாற்போல நீர்மேற் கிடந்து மோவாப் மலைகளைக் காணலாம். எசேக்கியேல் தீர்க்கதரிசி அக்கடலின் நீர் ஆரோக்கியப்படும் நாளைத் தரிசனத்திற் கண்டு, என்கேதிக் கரையில் மீன்பிடிப்போர் நிற்பர் என்று உரைத்தார். அந்நாள் வருமளவும் அந்நீர் உப்புநீரே; அதனை அதன் இயல்பறிந்தே அணுகுதல் வேண்டும்.

கூட்டமாகச் செல்வோர்க்கு இறுதியாக ஒன்று கூறி நிறுத்துகின்றோம். நீரில் இறங்குமுன் தலைவர் ஒருவர் ஆட்களை எண்ணிக் குறித்துக்கொள்க. அனைவரும் நீரில் இருக்கும்போது அவர் ஒருவரேனும் இறங்காமல் கரையில் நின்று, ஒவ்வொருவர் முகமும் மேலே உள்ளதா என்று பார்த்துக்கொண்டிருக்க. கரையேறியபின் மீண்டும் எண்ணுக. எண்ணிக்கை ஒத்த பின்னரே பேருந்து புறப்படுக.